மணிலாவுக்கு எடை, குழாய்க்கு இஞ்சா?

அவலூர்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை இறக்கும் விவசாயியை எடையில் ஏமாற்றுவது லேசான காரியமில்லை. கால் கிலோ குறைந்தாலும் தராசைச் சுற்றி வந்து கேள்வி கேட்பார். மணிலா (வேர்க்கடலை) விற்ற காசோடு அதே ஆள் ஹார்டுவேர்ஸ் கடைப் படியேறி, ‘ஒரு இஞ்ச் ஜிஐ பைப் நாலு லென்த்’ என்கிறார். ‘ஏ கிளாஸா, பி கிளாஸா?’ என்று பதில் கேள்வி வருகிறது. விலை குறைந்ததைக் காட்டி ‘நம்ம வேலைக்கு இதுவே போதும்’ என்று யாராவது சொல்லிவிட்டால் பேரம் முடிந்தது. இரும்பை வாங்குகிறோம், எடையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

அந்த ‘ஒரு இஞ்ச்’ என்பதும் பேருக்குத்தான். டேப் வைத்துப் பார்த்தால் குழாயின் உள்ளேயும் 25.4 மில்லிமீட்டர் கிடைக்காது, வெளியேயும் கிடைக்காது. இந்தியத் தரமான ஐஎஸ் 1239-ன்படி அதன் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அதே அளவுதான். அமெரிக்காவின் ஒரு இஞ்ச் 33.4. ஜப்பானில் 34. பெயர் ஒன்று, ஆள் மூன்று! தொடக்க காலத்தில் குழாய்ச் சுவர்கள் தடிமனாக இருந்தன. உள் துளை ஏறக்குறைய ஒரு இஞ்ச்தான். பிறகு நல்ல உலோகம் வந்து சுவரை மெலிதாக்க முடிந்தது. ஆனால் பழைய மரைக்கும் எல்போவுக்கும் பொருந்த வேண்டுமே என்று வெளி அளவில் கை வைக்காமல் விட்டார்கள். மிச்சமான இடமெல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்தது. 1956-ல் சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு மாறிய நாட்டில், குழாய்க்கடை மட்டும் இன்னும் இஞ்சிலேயே பேசுகிறது.

வெளிவிட்டம் ஒன்றே என்பதால் மூன்று கிளாஸும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். வேறுபாடெல்லாம் சுவரில்தான். ஒரு இஞ்ச் குழாயில் ஏ கிளாஸ் 2.6 மில்லிமீட்டர், பி கிளாஸ் 3.2, சி கிளாஸ் 4. அடையாளத்துக்கு முறையே மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டை. பிரிட்டனின் பழைய தரத்தில் நீலமும் சிவப்பும் இதே பொருளில்தான் வந்தன; லேசான குழாய்க்கு மட்டும் அங்கே பழுப்பு.

அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், பிளம்பர் மரை போடும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு இஞ்ச் குழாயின் மரை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழம் இரும்பைத் தின்கிறது. சுருள் சுருளாகக் கீழே விழுவது குழாயின் சுவர். பி கிளாஸில் பள்ளத்துக்கு அடியில் 1.7 மில்லிமீட்டர் மிஞ்சும். ஏ கிளாஸில் மிஞ்சுவது 1.1. போர்வெல்லில் தொங்கும் குழாய்களின் பாரம், மோட்டாரின் பாரம், தண்ணீரின் பாரம் எல்லாம் அந்த மெல்லிய கழுத்தில்தான் தொங்குகின்றன. குழாய் ஒடிவது பெரும்பாலும் நடுவில் அல்ல, சாக்கெட்டை ஒட்டித்தான்.

மரையிலும் நாட்டுக்கு நாடு வழக்கு உண்டு. பிரிட்டனைப் பின்பற்றும் நம் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரையின் கோணம் 60. ஒரு இஞ்ச் குழாயில் நமக்கு இஞ்சுக்கு 11 மரை, அவர்களுக்குப் பதினொன்றரை. ஒன்றை மற்றதில் ஏற்றினால் சில சுற்றிலேயே இறுகி நின்றுவிடும், தவறு தெரிந்துவிடும். வம்பு அரை இஞ்சில்தான். இரண்டிலும் 14 மரை என்பதால் நல்ல பிள்ளையாக ஏறிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சணல் சுற்றினாலும் கசிவை நிறுத்துவது பெரும்பாடு.

தரம் என்பது வெறும் காகிதம் இல்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது: ஊர் ஊராக நிற்கும் இந்தியா மார்க் 2 அடிபம்பு. 1970களில் யுனிசெஃப், மத்திய அரசின் சென்னை இயந்திரவியல் ஆராய்ச்சி நிறுவனம், ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆகியோர் சேர்ந்து உருவாக்கினார்கள். கோவைப் பகுதியில் சோதித்தார்கள். ஐஎஸ் 9301 என்ற தரமும் வந்தது. நீரேற்றும் குழாய் ஒன்றேகால் இஞ்ச், அதுவும் பி கிளாஸ் என்று எழுதியே வைத்தார்கள். எந்தப் பட்டறையில் செய்த பாகமும் எந்த ஊர்ப் பம்பிலும் பொருந்தியது. அந்தப் பம்பு ஆப்பிரிக்கா வரை போனது. அங்கேதான் பாடமும் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல இடங்களில் நிலத்தடி நீரில் அமிலத்தன்மை அதிகம். துத்தநாகப் பூச்சு கரைந்து, குழாய் துருவேறி, தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. நம் தண்ணீருக்கு எழுதிய தரம் அந்தத் தண்ணீருக்கு ஒத்துவரவில்லை.

ஆகவே ‘ஃபாரின் ஸ்டாண்டர்டு’ என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் மயங்க வேண்டியதில்லை. அமெரிக்க ‘ஸ்கெட்யூல் 40’ ஒரு இஞ்ச் குழாயின் சுவர் 3.38 மில்லிமீட்டர், நம் பி கிளாஸுக்குப் பக்கத்து வீடு. அழுத்தம் மிகுந்த ஆலை வேலைக்கு அதற்கு இடம் உண்டு. செஞ்சிப் பக்கத்துக் கிணற்றுமேட்டுக்கு, உள்ளூர் மரையோடு உள்ளூர் பிளம்பர் பொருத்தக்கூடிய ஐஎஸ் 1239 குழாய்தான் சரி. வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே தர எண்ணும் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அந்த உரிமம் உயிரோடு இருக்கிறதா என்பதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டினால் தெரிந்துவிடும்.

பில்லில் ‘ஜிஐ பைப் 1 இஞ்ச்’ என்று மட்டும் எழுதுவதைக் கடைக்காரர்கள் நிறுத்த வேண்டும். தர எண், கிளாஸ், எடை மூன்றும் எழுதுவதற்கு ஒரு வரி போதும். அதுவரை வாங்குபவரே குழாயைத் தராசில் ஏற்றச் சொல்லலாம். 6 மீட்டர் நீளமுள்ள ஒரு இஞ்ச் பி கிளாஸ் குழாய் சுமார் பதினாலரை கிலோ இருக்க வேண்டும். நீலப் பட்டை அடித்த குழாய் 12 கிலோ காட்டினால், அது ஏ கிளாஸ்.