காலை டீயும் கை நடுக்கமும்

ஆந்திரா எல்லையோரப் பிச்சாட்டூர் டீக்கடையில் விடிகாலையில் நின்று பாருங்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் டீயைச் சிந்துகிறவர் ஒருத்தராவது கண்ணில் படுவார். கேட்டால், "நேத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்பார். நேற்று குடித்ததால் வந்த நடுக்கமில்லை அது. இன்று இன்னும் குடிக்காததால் வந்தது. தினமும் மது நரம்பை மந்தமாக்க, மூளை ஈடுகட்டத் தன் முறுக்கைக் கூட்டிக்கொள்கிறது. குடி நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். ஒரு கட்டிங் உள்ளே போனதும் கை அடங்கும். பூட்டு விழுவது அங்கேதான். பெற்றோர் வழி வந்த உடல்வாகுக்கும் இதில் பங்குண்டு. இதைப் போய்த் திமிர் என்கிறோம்!

மதுக்கடையை மூடியும் பார்த்தாயிற்று. நெல்லூர் தூபகுண்டா பெண்கள் 1992-இல் கிளப்பிய போராட்டத்தில் மறு வருஷம் சாராயம் ஒழிந்தது. 1995-இல் ஆந்திராவில் முழு மதுவிலக்கு வந்தது, 1997-இல் தளர்ந்தது. அப்போதும் எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டில், கடை திறந்தேதான் இருந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. தலையில் அடித்துச் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். வருஷக்கணக்காகக் குடித்தவருக்கு வலிப்பு வரலாம், உயிரே போகலாம். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போதை மீட்புக்கான இலவச எண் 14446.