அளந்து பாராமல் கைவிரிக்காதீர்கள்

"தாடை எலும்பு கரைந்த தோட்டத் தொழிலாளிக்கு இம்ப்ளாண்ட் வீண், பல்செட் போதும்" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. எலும்பு கரைந்த கீழ்த்தாடையில்தான் பல்செட் நிற்காமல் வழுக்குகிறது. அங்கும் முன்பகுதியில் பெரும்பாலும் எலும்பு மிஞ்சியிருக்கும். அதில் இரண்டு இம்ப்ளாண்ட் ஊன்றி பல்செட்டைப் பொருத்துவதையே 2002-ல் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். மேல்தாடையில் சைனஸ் தளத்தை உயர்த்தி எலும்புத் துகள் நிரப்பலாம். அதற்கும் வழியில்லையென்றால், பல் இம்ப்ளாண்ட் முன்னோடி பிரானமார்க் உருவாக்கிய, 30 மி.மீ.க்கும் நீளமான இம்ப்ளாண்டைக் கன்ன எலும்பில் ஊன்றலாம். தேர்ந்த கை வேண்டிய பெரிய அறுவை அது, உண்மைதான். புகையிலையை விட வேண்டும், சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். ஆனால் குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்கும் செலவைக் காட்டி, இருக்கிற சிகிச்சையையே இல்லையென்பது மருத்துவ முடிவல்ல. முதலில் ஸ்கேன் எடுத்து எலும்பை அளந்து பாருங்கள்.