பதினொன்றாம் வகுப்பு எங்கே போச்சு?



“நீட்டை ஒழிக்கணும்னு ரோட்டுல உட்கார்றோம். அப்புறம் அதே நீட்டுல மார்க் கூட்டுறதுக்கு வகுப்பு நடத்துனா அது சரணாகதி இல்லையா?” சிவகாசிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். விருதுநகர்த் தோழர்கள் சிலருக்கும் இதே சந்தேகம். இல்லை என்பதே என் பதில். ஏன் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

அரியலூர் மாவட்டம் குழுமூரின் அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். இயற்பியலில் 200, வேதியியலில் 199. அதே ஆண்டு நீட்டில் 720க்கு 86. உச்சநீதிமன்றம் வரை போய்ப் போராடி, செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். இரண்டு மதிப்பெண்ணும் ஒரே மூளை வாங்கியவைதான். ‘தகுதி’ பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆனால் நமக்குள்ளேயும் ஒரு கேள்வி உண்டு. நீட் கேள்வித்தாளில் பாதியளவு பதினொன்றாம் வகுப்புப் பாடம். அந்தப் பதினொன்றாம் வகுப்பு எங்கே போச்சு? 2007இல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. அது சமூகநீதிக்குக் கிடைத்த வெற்றி. பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம் என்றானதும், பல பள்ளிகள் பதினொன்றைத் தூக்கிப்போட்டுவிட்டு, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைத்தன. விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநில முதலிடம் பிடித்தது. பெருமைதான். தேர்ச்சி வேறு, அறிவியல் கைவசப்படுவது வேறு. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை நீக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதே. பழையபடி பதினொன்றைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நம்ம வேலை.

அந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதா என்ன? வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் எங்க ஊர்ப் பொம்பளைகள் கையில் படிந்து கிடக்கின்றன. பேரியம் பச்சை, ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு என்று சேரிச் சிறுமிக்குத் தெரியும். மீந்த மருந்தை மறுநாளுக்கு வைக்காதே, ஈரம் பட்டால் சூடேறிப் பற்றிக்கொள்ளும்; நைலான் சேலையோடு மருந்து ரூமுக்குள் போகாதே. இது அம்மாக்கள் பாடம். முதலாவது பதினொன்றாம் வகுப்பின் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை. இரண்டாவது பன்னிரண்டாம் வகுப்பின் நிலைமின்னியல். உடம்பில் சூடுபட்டுக் கற்ற அறிவுக்கு மார்க் கிடையாது. அதையே புத்தக வார்த்தையில் சொன்னால் நாலு மார்க். அந்த வார்த்தையைப் பிள்ளைகளிடம் சேர்ப்பதுதான் மாலை வகுப்பு. இதில் சரணாகதி எங்கே இருக்கு?

நான் உட்காரும் மாலை வகுப்பில் பார்த்ததை வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, கணக்கு. மொத்தம் 180 கேள்வி: இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. மதிப்பெண்ணில் சரிபாதி உயிரியல். தமிழ்வழிப் பிள்ளை முதலில் பிடிக்கவேண்டிய கோட்டை அது. சரியான விடைக்கு 4, தவறினால் 1 கழியும். இந்தக் கழிவுக்குப் பயந்து நம்ம பிள்ளைகள் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வருகிறார்கள். நாலு விடையில் இரண்டு தப்பு என்று தெரிந்துவிட்டதா? மிச்ச இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிக்கணும். அப்படி இரண்டு கேள்வியில் ஒன்று சரி, ஒன்று தப்பு என்றாலும் மூன்று மார்க் மிச்சம். பயத்துக்கு மார்க் இல்லை.

இரண்டு, மொழி. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு. ஒவ்வொன்றுக்கும் நாலாக 196 மதிப்பெண் தரச் சொன்னது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை. உச்சநீதிமன்றம் அதைத் தடுத்து, பிறகு ரத்தே செய்தது. ஆங்கிலப் பிரதியே இறுதியானது என்பது தேர்வின் விதி. ஆகவே தமிழில் படிக்கிற பிள்ளைக்கும் ஒவ்வொரு கலைச்சொல்லின் ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்கணும். தமிழில் குழம்பினால் பக்கத்தில் இருக்கும் ஆங்கில வரியைப் பார்க்கப் பழக்கணும்.

மூன்று, ஆறாம் வகுப்பு. 2020 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு. கட்டணத்தை அரசே கட்டுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. எங்க பக்கம் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. ‘ரெண்டும் ஒண்ணுதானே’ என்று சேர்த்துவிடும் பெற்றோருக்கு இதை யார் போய்ச் சொல்வது? நாமதான் சொல்லணும்.

இவ்வளவும் செய்தால் நீட் நியாயமாகிவிடுமா? ஆகாது. பணம் கட்டி ஒரு வருஷம், இரண்டு வருஷம் கோச்சிங்கில் உட்கார முடிந்தவனுக்கும், லீவு நாளில் தீப்பெட்டி ஒட்டுகிற பிள்ளைக்கும் ஒரே கோடு போடும் தேர்வு அது. 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். போராட்டம் நீளும். அது முடியட்டும் என்று பதினேழு வயசுப் பிள்ளை காத்திருக்க முடியாது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது பேரளவில் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகும் வெடி நிற்கவில்லை. 2022இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே தீக்காயத்தோடு படுக்கப்போவது யார் என்று நமக்குத் தெரியும். வெள்ளைக் கோட்டோடு நிற்கப்போவது யார் என்பதுதான் இப்போது கேள்வி.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு இரண்டு பேர், வாரத்தில் சனி ஞாயிறு, சமுதாயக் கூடமோ கோயில் திண்ணையோ கிடைத்த இடத்தில் உட்காருங்கள். முதல் வகுப்பைப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலிலிருந்து தொடங்குங்கள். ஆர்ப்பாட்டம் இருக்கிற அன்னிக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. எழுதுகிற தேர்வை எதிர்த்துக் கோஷம் போட அவர்களுக்குத்தான் முதல் உரிமை.