இடம் மாறும் புகை

மின்சார வாகனம் புகை விடாது, ஆகவே அது காற்றையும் மலையையும் காக்கும். பெட்ரோல், டீசல் வண்டிகள் அனைத்தும் மின்வண்டிகளாக மாறிவிட்டால் சுற்றுச்சூழல் சிக்கல் தீர்ந்துவிடும். மலேசியாவில் இன்று அரசு அறிவிப்பிலும் விளம்பரத்திலும் வீட்டுப் பேச்சிலும் இந்த நம்பிக்கை ஒன்றுபோல் ஒலிக்கிறது. இதில் முதல் பாதி உண்மை. மின்வண்டிக்குப் புகைக்குழாய் கிடையாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதிக்குத் தாவிவிட முடியாது. புகைக்குழாய் இல்லாத வண்டிக்காகவும் எங்கோ ஓர் உலை எரிகிறது, எங்கோ மண் தோண்டப்படுகிறது, யாரோ அதன் விலையைக் கொடுக்கிறார்கள். பகாங் மாநிலத்தின் கேமரன் மலை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தகுந்த இடம். அணையும் செங்குத்துச் சாலையும் தேயிலைத் தோட்டமும் ஒரே மாவட்டத்தில் இருப்பதால், நம்பிக்கை எங்கே பொருந்துகிறது, எங்கே பொய்க்கிறது என்பது இங்கே தெளிவாகத் தெரியும்.

மலையின் வண்டிகள்

1885இல் வில்லியம் கேமரன் அளந்து பதிவு செய்த இந்த மேட்டுநிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அன்று காட்டைத் திருத்தத் துணை நின்றவை ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் உள்ளிட்ட தொழிலாளர்களின் கைகள். இன்று அதே சரிவுகளில் பலவகை எந்திரங்கள் ஓடுகின்றன. கொழுந்தை ஆலைக்கு ஏற்றும் லோரி, காய்கறித் தோட்டங்களின் பழைய லேண்ட் ரோவர், தொழிலாளியின் மோட்டார் சைக்கிள், வார இறுதியில் மலையேறும் சுற்றுலாக் கார், கொழுந்து வெட்டும் இயந்திரம் என ஒவ்வொன்றின் வேலையும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று சொல்வதில்தான் முதல் பிழை தொடங்குகிறது.

அணை இருந்தும் நிலக்கரி

மலையிலேயே அணை இருப்பதால் இங்கே ஓடும் மின்வண்டி தண்ணீரில் ஓடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை 1963 முதல் இயங்குகிறது. அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே பேராக் பக்கம் இறங்கி, 100 மெகாவாட் திறனுள்ள ஜோர் நிலையத்தைச் சுழற்றுகிறது. மாவட்டத்தின் மறுபுறம் 2016இல் இயங்கத் தொடங்கிய உலு ஜெலாய் திட்டத்தின் திறன் 372 மெகாவாட். ஆனாலும் இந்த மின்சாரம் மலைக்கென்று ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. தீபகற்பத்தின் பொது மின்கட்டமைப்பில் கலந்துவிடுகிறது. அந்தக் கட்டமைப்பின் பெரும்பகுதியைத் தாங்குபவை மஞ்சோங், காப்பார், ஜிமா, தஞ்சோங் பின் போன்ற இடங்களில் எரியும் நிலக்கரியும் அதற்குத் துணை நிற்கும் எரிவாயுவும்தான். நிலக்கரியும் பெரும்பாலும் கப்பலில் வருவது. அணை நீரைத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கே சேமித்து வைப்பார்கள். இரவில் வீட்டு வாசலில் கார் மின்னேறும்போது நிலக்கரி உலை எரிந்துகொண்டிருக்கிறது.

தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் செலவிடும் கார், பதின்மூன்றரைக் கிலோவுக்குப் பொறுப்பாகிறது. அதே தூரத்துக்கு 6 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் சிறிய கார் வெளியிடுவது ஏறக்குறைய 14 கிலோ. எண்ணெய் சுத்திகரிப்பையும் நிலக்கரி வெட்டி ஏற்றுவதையும் சேர்த்துக்கொண்டால் மின்காருக்குச் சற்றே கூடுதல் சாதகம் கிடைக்கும், அவ்வளவுதான். 10 லிட்டர் டீசல் குடிக்கும் பெரிய வண்டியோடு ஒப்பிட்டால் மின்கார் பாதி அளவிலேயே நிற்கிறது. ஆகவே எந்த வண்டிக்குப் பதிலாக அது வருகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கணக்கு என்றைக்கும் இப்படியே இருக்காது. புதிய நிலக்கரி நிலையங்கள் கட்டப்படமாட்டா என்று மலேசிய அரசு 2021இல் அறிவித்தது. கட்டமைப்பு தூய்மையாகும் அளவுக்கு மின்வண்டியும் தூய்மையாகும். வராத நாளின் தூய்மையை இன்றைய காரின் மீது ஒட்டி விற்பதுதான் தவறு.

அணையும் குறையற்றதல்ல. மேலே மலைச்சரிவுகளைத் திருத்தியதால் அடித்து வரப்பட்ட வண்டல், ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் கொள்ளளவில் பாதிக்கு மேல் விழுங்கியிருக்கிறது. 2013 அக்டோபர் 23 அன்று கனமழையில் அணை நீர் திறக்கப்பட்டபோது, கீழே உள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மலையின் ஆறாத காயம் இந்த மண்ணரிப்பு. வண்டியின் எஞ்சினை மாற்றினால் அது ஆறாது.

ஏற்றமும் இறக்கமும்

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கும் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. ஏறும் உயரம் சுமார் 1,400 மீட்டர். 1,800 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். உராய்வும் காற்றெதிர்ப்பும் சேர்ந்தால் 14 யூனிட் வரை போகும். 50 யூனிட் மின்கலத்தில் கால் பங்குக்கு மேல் இந்த ஓர் ஏற்றத்திலேயே கரைந்துவிடுகிறது. விளம்பரத்தில் அச்சிடப்படும் தூரம் சமதளத்தின் தூரம்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். மோட்டாரே தடையாக நின்று மின்சாரத்தைத் திருப்பித் தருவதால், மின்கலம் அதிகம் குறையாமலே வண்டி தாப்பா வந்து சேரும். இது மின்வண்டியின் உண்மையான வலிமை. ஆனால் தானா ராத்தா விடுதியில் இரவெல்லாம் மின்னேற்றி, மின்கலம் நிரம்பிய நிலையில் இறங்கத் தொடங்கும் காருக்கு அந்த வலிமை வேலை செய்யாது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற இடமில்லாததைப்போல, திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இருக்காது. முதல் சில கிலோமீட்டர் பிரேக் கட்டைகளே எடையைத் தாங்க வேண்டும். இதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்கார் சில நூறு கிலோ கூடுதல் எடை கொண்டது. மலை இறங்குவதற்கு முன்னால் முழுக்க மின்னேற்றக் கூடாது என்பதை வண்டி விற்பவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மண்ணுக்கடியிலிருந்து வரும் விலை

60 யூனிட் மின்கலம் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் பொதுவாக 4 முதல் 6 டன் கரியமில வாயு வெளியாவதாக மதிப்பிடுகிறார்கள். வண்டி ஓர் அடி நகரும் முன்பே ஏறிவிடும் கடன் இது. 10 லிட்டர் டீசல் வண்டிக்குப் பதிலாக ஓடினால் இன்றைய கட்டமைப்பில் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டரில் கடன் அடையும். சிறிய பெட்ரோல் காருக்குப் பதிலாக ஓடினால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் பிடிக்கும். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் இரண்டாவது கார் அந்தக் கடனை அடைக்காமலே பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

பெரும்பாலான மின்வண்டிகளின் மோட்டாரில் நியோடிமியம் கலந்த காந்தம் இருக்கிறது. அதற்கான அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்கும் லைனஸ் ஆலை, கேமரன் மலை இருக்கும் அதே பகாங்கில், குவாந்தானை அடுத்த கெபேங்கில் 2012 முதல் இயங்குகிறது. தாது ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. கதிரியக்கத் தோரியம் கலந்த கழிவை எங்கே வைப்பது என்ற பூசல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கிய அருமண் ஆலைக்கு எதிராக ஊர் மக்கள் நீதிமன்றம் வரை போராடினார்கள். 1994இல் ஆலை மூடப்பட்ட பின்னும் கழிவை அகற்றிப் புதைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அருமண்ணை மின்வண்டி மட்டும் பயன்படுத்துவதில்லை. கைப்பேசிக்கும் காற்றாலைக்கும் அது வேண்டும். ஆனாலும் மாசற்ற வண்டி என்று சொல்பவர்கள் கெபேங்கையும் புக்கிட் மேராவையும் மறந்துவிட்டே அப்படிச் சொல்கிறார்கள்.

சலுகை யாருக்கு

முழுமையாக இறக்குமதியாகும் மின்கார்களுக்கு 2025 இறுதி வரை மலேசியா இறக்குமதி வரியையும் கலால் வரியையும் விலக்கியது. அத்தகைய காரின் விலை குறைந்தது 1,00,000 ரிங்கிட்டாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். தேயிலைத் தோட்டத்தில் அந்த ஊதியம் பெறுபவர் ஏறக்குறைய ஐந்து ஆண்டு உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால்தான் அந்தக் குறைந்தபட்ச விலையே தேறும். மின் மோட்டார் சைக்கிளுக்கு அரசு தந்த தள்ளுபடி 2,400 ரிங்கிட். அப்படி ஒன்றை வாங்கினாலும், வரிசை வீட்டில் தனி வண்டி நிறுத்தமோ பாரம் தாங்கும் மின்கம்பியோ இல்லாத குடும்பம் அதை எங்கே மின்னேற்றும்? 2024 ஜூன் 10 அன்று உதவித்தொகை குறைக்கப்பட்டு, தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. உதவித்தொகையைக் குறைப்பது சரியான கொள்கையாகவே இருக்கலாம். ஆனால் பொதுப்பணம் புதிய கார் வாங்க வசதியுள்ளவரிடம் வரிவிலக்காகப் போய்ச் சேர்ந்ததை நியாயமென்று ஏற்க முடியாது.

மாற்று எரிபொருள்கள்

மின்வண்டியின் குறையைச் சொல்பவர்கள் இன்னோர் எரிபொருளை அதே மூட நம்பிக்கையோடு தூக்கிப் பிடிப்பதும் உண்டு. அவற்றையும் மலையில் நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

முதலாவது செம்பனை டீசல். 2019இல் நாடெங்கும் போக்குவரத்து டீசலில் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலக்கப்பட்டபோது, கேமரன் மலை, கெந்திங், சபாவின் குண்டாசாங் ஆகிய மலைப்பகுதிகளுக்கு மட்டும் 7 விழுக்காட்டுக் கலவையே நீடித்தது. காரணம் குளிர். தேங்காய் எண்ணெய் மார்கழியில் வெள்ளையாய் உறைவதுபோல, தூய செம்பனை டீசல் ஏறக்குறைய 15 பாகையிலேயே கலங்கி மெழுகாகத் திரளத் தொடங்கும், வடிகட்டியை அடைக்கும். கேமரன் மலையின் இரவுக் குளிர் அந்த அளவுக்குக் கீழே இறங்குவதுண்டு. செம்பனைக்காகக் காடும் சதுப்பும் அழிக்கப்பட்டால் எரிபொருளின் நன்மையும் அழிந்துவிடும். விடுதிகளின் பழைய சமையல் எண்ணெயிலிருந்து செய்யும் டீசலுக்கு இந்தப் பழி இல்லை, ஆனால் அது கிடைக்கும் அளவு சிறிது. ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்திகரித்த தாவர எண்ணெய் டீசல் குளிரைத் தாங்கும், பழைய எஞ்சினிலும் ஓடும். அதன் தடை விலை.

இரண்டாவது சாண எரிவாயு. காய்கறித் தோட்டங்களுக்கு லோரி லோரியாக ஏறும் கோழி எருவும் சந்தையில் அழுகும் கீரையும் இதற்கு ஏற்ற மூலப்பொருள்கள். எரிவாயுவைத் தரும் நுண்ணுயிர்கள் 35 பாகை வெப்பத்தில் சுறுசுறுப்பாக இயங்குபவை; மலைக்குளிரில் அவை சோம்பும். தொட்டியைச் சூடாக வைத்தால் பயன் உண்டு. வண்டியில் அடைப்பதைவிட ஆலையின் உலையில் எரிப்பதே இதற்குப் பொருத்தம். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். எஞ்சிய எடை முழுவதும் நீராவியாகப் போக வேண்டும். தேயிலை ஆலையின் எரிசக்தியில் பெரும்பங்கு இந்த வெப்பம்தான். வண்டியைப் பற்றி மட்டும் பேசுவோர் உலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது அழுத்திய இயற்கை எரிவாயு. டாக்சிகளுக்கு ஒருகாலத்தில் மாற்று என்று முன்வைக்கப்பட்ட இது, கலன்களின் ஆயுள் முடிந்து ஆபத்தாகிவிட்ட நிலையில் 2025 ஜூலை 1 முதல் மலேசியாவில் நிறுத்தப்பட்டது. நான்காவது ஹைட்ரஜன். கூச்சிங்கில் இதைக் கொண்டு பேருந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மின்சாரத்தால் ஹைட்ரஜனைப் பிரித்து, அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்கினால் தொடக்க ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்துக்கு வந்து சேரும்.

ஐந்தாவது சிற்றருவி மின்சாரம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான சிறு நீர்மின் பொறிகள் ஆலைகளை ஓட்டின. கேமரன் மலையிலும் ரொபின்சன் அருவி, ஹாபு, கம்போங் ராஜா, குவாலா தெர்லா ஆகிய இடங்களில் சிறு நிலையங்கள் உண்டு. ஓடையின் நீரை அங்கேயே ஆலைக்கும் மின்னேற்றத்துக்கும் பயன்படுத்தினால்தான் தண்ணீரில் ஓடும் வண்டி என்ற சொல் மெய்யாகும்.

வேலைக்கேற்ற எரிபொருள்

மின்சாரம் முதலில் சேர வேண்டிய இடம் கொழுந்து வெட்டும் இயந்திரம். இருவர் தேயிலை வரிசையின் இருபுறமும் பிடித்து நடக்க, வளைந்த கத்தி செடியின் தலையைச் சீவுகிறது. கொழுந்து பின்னால் இழுபடும் நீண்ட பைக்குள் ஊதித் தள்ளப்படுகிறது. சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒருவரின் மார்புக்கு அருகே இரைகிறது. எண்ணெய் கலந்த அதன் புகை அவர் முகத்தில் அடிக்கிறது. அங்கே மின்கலம் வந்தால் இரைச்சலும் புகையும் அன்றைக்கே குறையும். அடுத்தது, பாரத்தோடு இறங்கி வெறுமையாக ஏறும் காய்கறி லோரியும், நாள் முழுதும் ஓடும் பேருந்தும். இறக்கத்தின் ஆற்றலைத் திரும்பப் பெறும் இவை மின்கலத்தின் கடனை விரைவில் அடைக்கும். எருவைச் சுமந்து ஏறும் கனரக லோரிக்குக் குளிர் தாங்கும் தாவர எண்ணெய் டீசல், ஆலை உலைக்குச் சாண எரிவாயு என்று ஒவ்வொன்றுக்கும் உரியதைத் தேர வேண்டும்.

சுற்றுலாக் காருக்கு எந்த எரிபொருளும் விடையல்ல. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் சந்தை வரை நிற்கும் வரிசை மின்கார்களால் ஆனதாக இருந்தாலும் அதே நீளம்தான் இருக்கும். அந்த வரிசைக்காக வெட்டப்படும் மலைச்சரிவு மழையில் அதேபோல் கரைந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குத்தான் போய்ச் சேரும். தாப்பாவிலும் ஈப்போவிலும் கார்களை நிறுத்திவிட்டு மக்கள் பேருந்தில் ஏறி வருவதற்குச் செலவிடும் பணமே இந்த மலைக்கு அதிகப் பயன் தரும்.