மிச்சக் காத்து... மிச்சக் காசு!



பஸ் பாஸ், மெஸ் பில், செகண்ட் ஹேண்ட் புக்ஸ் என்று இதுவரை கரையில நின்னுக்கிட்டே காசு எண்ணினோம். இந்த வாரம் கொஞ்சம் தண்ணிக்குள்ள போவோமா?

பஞ்சர் கடையில டயருக்குக் காத்து அடிச்சுட்டு சில்லறை கொடுத்திருப்பீங்க. மூச்சு விடுற காத்துக்குக் காசு கொடுத்திருக்கீங்களா? நான் கொடுத்திருக்கேன். ஸ்கூபா டைவிங்கில் அதுதான் சிஸ்டம். பல இடத்தில் சிலிண்டர் காத்து பேக்கேஜிலேயே அடங்கிடும். சில இடத்தில் வாடகை தனி, ரீஃபில் தனி. நாங்க அஞ்சு பேர் புதுச்சேரியில் போனது இரண்டாவது ரகம். அட்வான்ஸ்டு கோர்ஸ் முடிச்ச கெத்து வேற!

கூட வந்த டைவ் மாஸ்டர் அண்ணன் போட்டிலேயே தெளிவா சொல்லிட்டார். "100 பார் ஆனதும் எனக்குக் கையில காட்டணும். திரும்பி போட்ல ஏறும்போது 50 மிச்சம் இருக்கணும்." (இந்த பார் வேற பார். காத்தோட அழுத்தத்தை அளக்கிற அளவு!)

என் ரூம்மேட் காதைக் கடிச்சான். "மச்சி, 200 பாருக்குக் காசு வாங்கிட்டு 50-ஐ மிச்சம் வெச்சுட்டு வரச் சொல்றாங்க. கால்வாசிக் காசு யாருக்கு?"

அன்லிமிடெட் மீல்ஸில் மூணாவது தடவை ரசம் கேட்கிற பரம்பரை நாங்க. விடுவோமா? 20 மீட்டர் ஆழத்தில் அண்ணன் 'எவ்வளவு இருக்கு?'ன்னு சைகையில் கேட்டார். என் கேஜில் 90. நான் காட்டியது 120. ரூம்மேட்டும் அதே பொய். அவர் நம்பி முன்னால போயிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரூம்மேட் மாஸ்க்கில் தண்ணி புகுந்துடுச்சு. அதைச் சரி பண்ணிட்டு கேஜைப் பார்த்தவன், முள் சிவப்புக் கோட்டில் நிற்பதைப் பார்த்து அரண்டுட்டான். நேரா என்கிட்ட வந்து என்னோட ஸ்பேர் ரெகுலேட்டரைப் பிடுங்கி வாயில் வெச்சுக்கிட்டான். இப்போ என் சிலிண்டரில் 80 பார். மூச்சு விடுறது ரெண்டு பேர்!

இங்கேதான் ப்ளஸ் டூ கணக்கு வேலைக்கு வருது. நாங்க எடுத்துட்டுப் போனது 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர். 80 பார்னா சுமார் 880 லிட்டர் காத்து. கரையில ஒருத்தருக்கு நிமிஷத்துக்கு 20 லிட்டர் செலவாகும்னு வெச்சுக்குங்க. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் 1 பார் ஏறும். 20 மீட்டரில் மொத்தம் 3 பார், அதாவது மூணு மடங்கு செலவு. பயந்து மூச்சு வாங்கினா அது இன்னும் டபுள். அப்போ ரெண்டு பேருக்கு நிமிஷத்துக்கு 240 லிட்டர்!

ஒரு நிமிஷம் தடுமாறினோம். அப்புறம் மெதுவா ஏற ஆரம்பிச்சோம். மெதுவாத்தான் ஏறணும், ராக்கெட் மாதிரி ஏறினா உடம்பில் கரைஞ்ச நைட்ரஜன் குமிழியாகிடும். 5 மீட்டருக்கு வந்தப்போ என் கேஜில் 30. அதுக்குள்ள அண்ணன் பார்த்துட்டு வந்து ரூம்மேட்டைத் தன் ஸ்பேருக்கு மாத்திக்கிட்டார். அங்கே 3 நிமிஷம் நின்னுட்டு மேல வந்தோம். போட்டில் ஏறும்போது என் கேஜில் 12.

அண்ணன் திட்டவே இல்லை. கேஜைத் திருப்பிக் காட்டினார். "பாதி காசு கீழ போறதுக்கு, பாதி காசு மேல வர்றதுக்குன்னு வெச்சுக்க தம்பி. நீ ரிட்டர்ன் டிக்கெட்ட கீழேயே தின்னுட்ட."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. பயம் ஒரு பக்கம். அந்த 120 பொய் இன்னொரு பக்கம். ஒரு ரீஃபில் காசில் கால் பங்கு... அதுக்காகவா?

அப்புறம் தேடிப் படிச்சப்போ ஒரு சுவாரஸ்யம் கிடைச்சது. 1943-இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் அக்வாலங்கை உருவாக்கினாங்க. அந்தக் காலத்து டைவர்களில் நிறைய பேர்கிட்ட கேஜ் கிடையாது. அதுக்குப் பதில் சிலிண்டரில் 'ஜே வால்வ்'னு ஒண்ணு வந்தது. அழுத்தம் குறைஞ்சு 20 பார் பக்கம் வந்ததும் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அடைச்சு, மூச்சு இழுக்கக் கஷ்டமாகும். கம்பியைக் கீழே இழுத்தா மிச்சக் காத்து வரும். உடனே மேல ஏறணும்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம பழைய பைக்கோட ரிசர்வ் நாப்தான்! அதில் இருக்கிற அதே வில்லங்கம் இதிலும் உண்டு. நாப் ஏற்கெனவே ரிசர்வில் இருக்கிறது தெரியாம ஓட்டி, நடு ரோட்டில் வண்டியைத் தள்ளியிருப்பீங்கள்ல? அதே மாதிரி கம்பி எதிலாவது பட்டுக் கீழே இறங்கியிருந்தா ரிசர்வும் சேர்ந்து காலி. அதனால கேஜ் வந்ததும் ஜே வால்வ் மெல்ல மறைஞ்சது. 2020-இல் பி.எஸ்.6 வந்தபிறகு பெரும்பாலான புது பைக்கில் நாப் போய் மீட்டர் மட்டும் மிஞ்சின மாதிரி. இப்போ ரிசர்வ் இரும்பில் இல்லை, நம்ம மண்டையிலதான் இருக்கு.

சரி, காசை நிஜமாவே மிச்சம் பிடிக்க முடியாதா? முடியும் பாஸ்!

1. காசு காத்துக்கு இல்லை: கம்ப்ரஸரை ஓட்டணும், எண்ணெய் ஆவியையும் ஈரத்தையும் பிடிக்கிற ஃபில்டரை மாத்தணும், ஆள் நிக்கணும். ரீஃபில் காசு அதுக்குத்தான். பெரும்பாலும் ஒரு ஃபில்லுக்கு ஒரே ரேட். காலியா கொடுத்தாலும் 50 பாரோட கொடுத்தாலும் அதே காசுதான். அதனால 'கால்வாசி நஷ்டம்'ங்கிற எங்க கணக்கே தப்பு!

2. சூடு ஆறட்டும்: வேகமா நிரப்பினா சிலிண்டர் சூடாகும். சூட்டில் 200 காட்டினது ஆறினதும் 190 பக்கம் இறங்கிடலாம். ஆறினபிறகு கேஜ் போட்டுப் பார்த்துட்டுக் கிளம்புங்க. இங்கே பேரம் பேசலாம், தப்பில்லை.

3. பாதி மிச்சம் இருக்கா: 100 பாரோட மேல வந்துட்டீங்கன்னா, அதில் 50-ஐத் தொடாம வெச்சுக்கிட்டு மீதி 50-ஐ 5 மீட்டர் ஆழத்தில் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். அமைதியா மூச்சு விட்டா 18 நிமிஷம் கிடைக்கும். மாஸ்க் கழட்டி மாட்டப் பழகுங்க (எங்களுக்கு ரொம்பத் தேவை!). அதை வெச்சுக்கிட்டு மறுபடி ஆழத்துக்கு மட்டும் போகாதீங்க. ஜோடியும் கட்டாயம்.

4. சுத்தமா காலி பண்ணாதீங்க: காலி சிலிண்டரில் தண்ணி புகுந்தா உள்ளே அரிக்கும். அதைத் திறந்து பார்க்கிற செலவு ரீஃபிலை விட அதிகம்.

5. மூச்சைக் குறைங்க, அடக்காதீங்க: நிஜமான லாபம் இங்கேதான். 15 மீட்டரில், 50 பாரை ஒதுக்கிட்டு மீதி 150-ஐப் பயன்படுத்தினா, நிமிஷத்துக்கு 20 லிட்டர் ஆளுக்கு 33 நிமிஷம் கிடைக்கும். 15 லிட்டர் ஆளுக்கு 44 நிமிஷம்! இடுப்பு வெயிட்டைச் சரியா கட்டினா, கையை ஆட்டாம மெதுவா ஃபின் போட்டா, நிதானமா இழுத்து நிதானமா விட்டா தானா குறையும். ஆனா மூச்சை அடக்கி மிச்சம் பிடிக்காதீங்க. தலைவலி வரும். அடக்கிக்கிட்டே மேல ஏறினா நுரையீரலே கிழியலாம்.

அடுத்த முறை போனப்போ அண்ணன் அதே சைகையில் கேட்டார். 110 இருந்தது, 110 காட்டினேன். போட்டில் ஏறும்போது 60. ரூம்மேட்டுக்கு 55. கரையில இறங்கினதும் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துட்டு, ரெண்டு பேரும் ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டோம்.

அங்கே மட்டும் மிச்சம் வைக்கலை!

அடுத்த வாரம் பார்ப்போம், மக்களே!