இழுவைக்கு யார் பொறுப்பு?

மேட்டுப்பாளையத்தில் பொழுது விடியும் நேரத்தில் எந்த ஒர்க்‌ஷாப் வாசலிலும் ஊட்டி மலைக்கு லோடு ஏற்றிப் போகும் டிரைவர்களிடம் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. "கல்லாறு தாண்டுனா வண்டி தெணறுதுங்ணா. இழுவை வேணும், மைலேஜும் கொறையக் கூடாது." ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் லேப்டாப்பைச் சொருகி, கால் மணி நேரத்தில் 'செட்டிங்' மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த டிரைவர் கேட்கும் இரண்டையும் எந்த லேப்டாப்பாலும் சேர்த்துத் தர முடியாது. டீசல் இன்ஜினுக்கு இழுவையைக் கூட்ட வேண்டுமென்றால் டீசலைக் கூட்ட வேண்டும். அதை எரிக்கக் காற்று போதவில்லையென்றால் மிச்சம் கரும்புகையாக வெளியே வரும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ ஓரளவு ஈடுகட்டும். அதற்கு மேல் ஊற்றுகிற டீசல் காசாகவும் கரியாகவும் போகிறது.

டீசல் பீச்சும் நேரத்தைச் சற்று முன்னே தள்ளினால் மைலேஜ் கூடுவது உண்மைதான். ஆனால் சிலிண்டருக்குள் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். அவற்றைக் குறைப்பதற்கென்றே கம்பெனி வைத்த, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வை அடைத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. இந்த வாயு கரும்புகைபோலக் கண்ணில் படாது. டீசல் வண்டிக்கு நாம் செய்யும் புகைப் பரிசோதனையும் புகையின் கருமையைத்தான் அளக்கிறது. ஆகவே சர்டிபிகேட் கையில் இருக்கும், நஞ்சும் போய்க்கொண்டே இருக்கும். மலைப்பாதையில் பர்லியார் வளைவில் கடை போட்டிருப்பவர் நாள் முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறார்.

சின்ன விஷயம் என்று விட முடியாது. அமெரிக்காவில் பத்தாண்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் புகைக் கட்டுப்பாட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 2020இல் கணக்கிட்டது. காற்றுக்கு வந்த கேடு, கூடுதலாக 90 லட்சம் பிக்கப்கள் ஓடுவதற்குச் சமம் என்றது.

ஆனால் டிரைவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. வாடகை டிரிப் கணக்கில் பேசப்படுகிறது. 1,700 கிலோ ஏற்றும் வண்டியில் அரிசியும் உரமுமாக 2,700 கிலோ ஏறினால் லாபம் லோடு கொடுத்தவருக்கு, திணறல் வண்டிக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. ஓட்டியவரோடு ஓட்ட வைத்தவரையும் அது சேர்த்தே குறிப்பிடுகிறது. நடைமுறையில் ரசீது டிரைவர் கைக்குத்தான் போகிறது.

மண்டிக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் வாடகையை எடைக்கு இவ்வளவு என்று கட்டட்டும். பில்லோடு எடைமேடைச் சீட்டும் போகட்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் டிரைவர், மெக்கானிக், வியாபாரி மூவரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கட்டும். மலையில் கடை வைத்திருப்பவரும் சாமான் வாங்குபவரும் மூட்டைக்குச் சில ரூபாய் கூடுவதை ஏற்க வேண்டியிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

மெக்கானிக் அண்ணன்மாரிடம் ஒரு வேண்டுகோள். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டயரில் காற்றை அளந்து, நாசிலையும் கிளட்ச்சையும் சோதியுங்கள். தொலைந்த இழுவை பல வண்டிகளில் அங்கேதான் கிடக்கிறது.