போனில் கட்டிய வீடும் மேசன் கேட்ட கேள்வியும்



கொஞ்சம் நீளமான பதிவு. மகளுக்கு வீடு கட்டக் காத்திருக்கும் வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள்.

எனது மச்சான் கட்டாரில் 11 வருடம் உழைத்து, மகளுக்கென்று 10 பேர்ச் காணியில் வீடு கட்டத் தொடங்குகிறார். போன மாதம் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. இரண்டு மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பளபளக்கும் தரை. விரலால் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். உயர்தரம் படிக்கிற மருமகன் இரண்டு இரவு விழித்திருந்து, போனில் ஓர் இலவசச் செயலியில் செய்தது. எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். நானும் போட்டேன். "இனி பிளான் கீறுறவருக்குக் காசு எதுக்கு?" என்று மச்சான் குரல் பதிவு அனுப்பினார்.

படத்தை மேசன் காக்காவிடம் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார். "சேர், இந்தப் படியால உங்கட உம்மா ஏறுவாவா?"

நான் கணிதம் படிப்பிப்பவன். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாடிக்கு உயரம் 10 அடி, அதாவது 120 அங்குலம். ஒரு படி ஏறக்குறைய 7 அங்குலம் என்றால் 17 தடவை கால் தூக்க வேண்டும். கால் வைக்க 10 அங்குலப்படி 16 தட்டுகளுக்கு 160 அங்குலம், 13 அடிக்கும் மேலே நீளம் தேவை. மருமகன் விட்டிருந்தது 8 அடி. அந்த 8 அடிக்குள் ஒரு தட்டுக்கு 6 அங்குலம்தான் வரும். முழங்கால் வருத்தமுள்ள எங்கள் உம்மாவின் பாதத்தில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் அதில் படும். செயலி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. படியை இழுத்துச் சுருக்கினால் அதுவும் சுருங்கிக் கொடுக்கிறது.

அப்படியென்றால் செயலி கூடாதா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை.

1982இல் ஓட்டோகேட் வந்தது. பிறகு வரைபலகை மெல்ல மெல்ல மூலைக்குப் போனது, படவரைஞர் போகவில்லை, கம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஸ்வீட் ஹோம் 3டி இலவசமாக வந்தது. 2006இல் ஸ்கெச்சப்பை கூகுள் வாங்கி இலவசப் பதிப்பு கொடுத்தது. இன்று அது பிள்ளைகளின் போனுக்குள் வந்துவிட்டது. இதனால் கட்டடக் கலைஞரின் பிழைப்பு போகுமா என்று கேட்கிறார்கள். எங்கள் ஊர்களில் எத்தனை வீட்டுக்குக் கட்டடக் கலைஞர் வந்திருக்கிறார்? வராதவரின் பிழைப்பைச் செயலி எப்படிப் பறிக்கும்?

பயப்பட வேண்டியவர் வேறு ஆள். எனது வீட்டுக்குப் பிளான் கீறியவர் காணியைப் பார்க்கவே வரவில்லை. இரண்டாம் நாள் தாளைத் தந்தார். வேறு யாருக்கோ கீறிய பிளானில் பெயரை மாற்றியது என்று பிறகுதான் தெரிந்தது. படுக்கையறை மேற்குப் பக்கம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தச் சுவர் இரவிலும் சுடும். இன்று அந்த அறையில் நெல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம். இப்படிப் பிரதி எடுத்துக் கொடுப்பதற்குக் காசு வாங்குபவரின் வேலையை இனி ஒரு மாணவன் இரண்டு இரவில் செய்வான். அதற்காக நான் கவலைப்படவில்லை.

மேசன் காக்கா கேட்ட பிறகு, கட்டடக்கலை படித்த என் பழைய மாணவர் ஒருவரைக் கூப்பிட்டோம். வந்தவர் போனைப் பார்க்க முதல் காணியைச் சுற்றி நடந்தார். கிணறு எங்கே, மலசலகூடக் குழி எங்கே, பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்று கேட்டார். எங்கள் மணல் நிலத்தில் தண்ணீர் மேலாகவே நிற்கிறது. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வது சும்மா இல்லை. பிறகு ராத்தாவிடம் கேட்டார்: ஆண்கள் வந்து விறாந்தையில் இருந்தால் நீங்கள் குசினிக்கு எந்த வழியால் போவீர்கள்? உம்மா எங்கே தொழுவார்? வீட்டில் ஒரு ஜனாஸா என்றால் எங்கே வைப்பீர்கள்? ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அரை மணித்தியாலம் பேசினா.

இப்போது உம்மாவின் அறை கீழே வந்துவிட்டது. படிக்கு 13 அடி கிடைத்துவிட்டது. முன் கண்ணாடி போய், நடுவில் சின்ன முற்றம் வந்திருக்கிறது. ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீடும் நெருக்கமான நகரக் காணியில் நடு முற்றத்தைச் சுற்றி அமைந்ததுதான். மாணவருக்குக் கொடுத்த கட்டணம், கண்ணாடிக்கு ஒதுக்கிய காசை விடக் குறைவு.

படித்தவர் கீறினால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் எத்தனை பேர் பின்னால் தகரம் இறக்கிக் குசினி கட்டினார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். அங்கே சமைப்பவளிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாளில் உள்ள கோடு ராத்தாவுக்கு விளங்காது. மருமகனின் படம் விளங்கியது. "குசினி ஜன்னல் இவ்வளவு சின்னனா?" என்று அவ முதன்முதலாகக் கேட்டது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். மாணவர் வந்தபோது அவவிடம் சொல்ல விஷயம் இருந்ததற்கும் அந்தச் செயலிதான் காரணம்.

ஆகவே பிள்ளைகள் போனில் கீறட்டும். வீட்டுப் பெண்களிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகு, காணிக்கு வந்து கேள்வி கேட்கிற ஒருவருக்குக் காசு கொடுங்கள். பிரதேச சபை அனுமதிக்குக் கையெழுத்து வாங்குவதோடு அந்த வேலை முடிந்துவிடாது.

கட்டடக் கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழு வீட்டுக்கும் உங்களுக்குக் கட்டணம் தர எங்களால் முடியாது. ஒரு காலைப் பொழுதுக்கு ஒரு நியாயமான கட்டணம் சொல்லுங்கள். 11 வருட உழைப்பைக் கொண்டு வருகிற ஒருவர் அதைத் தராமல் விடமாட்டார்.